பத்திரமான லைன்

பெண்களுக்கான உதவி எண்ணில், வீட்டிலிருந்தே இணைய அழைப்புகளை எடுப்பவள் தமயந்தி. விதிப்படி அறைக்கதவைத் தாழிட்டுத்தான் பேசுவாள். அன்று மாலை, காது வலிக்க, கடைசி அழைப்பை எடுத்தாள்.

“நான் பேசறது வேற யாருக்கும் கேக்காதுல்ல, மேடம்?”

“கேக்காதும்மா. லைன் பத்திரமா இருக்கு. சொல்லுங்க.”

விசும்பல் ஹெட்போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. அடுத்த வீட்டுப் பெண். இதுவரை பேசிப் பழகியதில்லை. தமயந்தி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அவர் வந்துட்டாரு” என்றதோடு அழைப்பு அறுந்தது. சுவருக்கு அப்பால் பாத்திரங்கள் உருண்டன. ஓர் அலறல்.

அழைப்பவர்களை நேரில் பார்க்கக் கூடாது என்பதும் விதிதான். தமயந்தி எழுந்துபோய் அடுத்த வீட்டு மணியை அடித்தாள். கணவன் திறந்தான்.

“அக்கா இருக்காங்களா? கொஞ்சம் கறிவேப்பிலை வேணும்.”

உள்ளே தரையில் கிடந்தவள் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள்.