பலகை மாட்டிய வீடு

காலை ஏழு மணிக்கு, காதில் ஒன்பது உண்ணிகளோடு மாரப்பன் என்ற கழுதை குரங்கின் கடை வாசலில் வந்து நின்றது. "இங்கு உண்ணி எடுக்கப்படும்" என்று தெருவைப் பார்த்து ஒரு பலகை தொங்கியது.

"இது கடை இல்லப்பா, என் வீடு. சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் எடுப்பேன்," என்றது குரங்கு.

"உள்ளே ஆடு உட்கார்ந்திருக்குதே?"

"ஒன்றுவிட்ட சித்தப்பா."

"குதிரை?"

"மச்சான் முறை."

அரிப்பில் கழுதைக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஆனாலும் அது வாசலை விட்டு நகரவில்லை. ஏழாம் நாள் வெளியூர்க் கரடி ஒன்று வந்தது. குரங்கு பெயர்கூடக் கேட்காமல், "வாங்க, உட்காருங்க," என்று பாயை விரித்தது.

வேலை முடிந்து கரடி வெளியே வந்ததும் கழுதை கேட்டது. "அண்ணே, குரங்கு உங்களுக்கு என்ன முறை வேணும்?"

"யாரு கண்டா? பலகையைப் பார்த்தேன், நுழைஞ்சேன்."

"இதையே நீதிபதி யானைகிட்ட வந்து சொல்றீங்களா?"

"போற வழிதானே. நட."

ஆவணி பதினேழாம் தேதி, "தெருவைப் பார்த்துப் பலகை மாட்டினால் அது எல்லாருக்குமான கடைதான்" என்ற யானையின் உத்தரவுப்படி, குரங்கு மாரப்பனின் இடது காதிலிருந்து முதல் உண்ணியை எடுத்தது. அதற்குள் உண்ணிகள் பதினான்காகியிருந்தன.