பொக்லைனுக்குள் பாம்பு

போனை வைத்ததுமே கோபால் சாக்குப்பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். திருவள்ளூர் கோர்ட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்த முத்தம்மாள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"அவனுங்களா?"

"ம். பொக்லைனுக்குள்ள பாம்பாம்."

"ஏரிய தோண்டி விக்கிறவனுக்குப் பாம்பு புடிக்கப் போறியா? வெக்கமா இல்லியாய்யா? கேசு திங்கக்கெழமைக்குத் தள்ளிப் போச்சுன்னு இப்பதான வந்து சொன்னேன். அதுக்குள்ள மேட்ட வழிச்சி எடுத்துனு போயிடுவானுங்க. உங்கம்மா அங்கதான படுத்துக்கினு கீது?"

ஏரியை ஒட்டிய அந்த மேடுதான் இருளர் காலனிக்கு இடுகாடு. சவுடு மண் எடுக்க அனுமதி வாங்கியது ஏரியின் வேறு மூலையில். தோண்டுவது இங்கே, மேட்டின் காலடி வரைக்கும்.

"கூப்ட்டா போவணும்மே. காக்களூர் கம்பெனிக்காரன் கூப்ட்டா போறேன்ல?"

"அவன் நம்ம பொணத்தத் தோண்டல."

கோபால் தெருவில் இறங்கினான். சண்டை போடக்கூடத் தெம்பில்லாதவன் போல நடந்தான்.

பள்ளத்தில் டிப்பர் லாரிகள் காலியாக நின்றன. பொக்லைன் ஓட்டும் வசந்தகுமார் ஒரு டிப்பரின் மேலே ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

"வண்டிக்குள்ளண்ணா! இம்மாம் பெருசு!"

"முந்தாநாளும் பாம்பு, இன்னிக்கும் பாம்பு. ஒரே பேஜாரு," என்று சூப்பர்வைசர் எரிந்து விழுந்தார். "சீக்கிரம் எட்றா கோபாலு. இன்னிக்கு மேட்டுல கை வெக்கணும்."

எந்த இடத்தில் என்று கோபால் கேட்கவில்லை. கேபினில் ஏறினான், சீட்டுக்கு அடியில் கையை விட்டான். பழுப்பு நிறத்தில் ஆள் நீளப் பாம்பு ஒன்று கையோடு வந்தது. டிப்பர் டிரைவர்கள் சிதறினார்கள்.

"இன்னா பாம்புடா அது?" சூப்பர்வைசர் ரொம்பத் தள்ளி நின்று கேட்டார்.

"எதுவா இருந்தா இன்னா சார், புடிச்சாச்சு." கோபால் பையின் வாயை இறுக்கிக் கட்டினான். "ஆனா இது பொட்ட. ஜோடி இங்கதான் எங்கியாவது இருக்கும். தேடிக்கினு வரும்."

"எப்ப வரும்?"

"அதுங்கிட்ட போனா கீது, கேட்டுச் சொல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு டிரைவர் சத்தமில்லாமல் வண்டியைக் கிளப்பினான். பின்னாலேயே மற்ற டிப்பர்களும் கரையேறின.

"டேய் வசந்து, எறங்கி வந்து மிஷின்ல ஏறு."

"முடியாது சார். எனக்குப் புள்ளகுட்டி கீது."

"உன் மாமனார் நெல்லு இந்த ஏரித் தண்ணியிலதான்டா வெளையுது. அதயே தோண்ட வந்துட்ட. பாம்புக்குப் பயப்படுறியா?" என்றார் சூப்பர்வைசர்.

வசந்தகுமார் முகம் சுருங்கியது. இறங்கி வந்தான். பொக்லைன் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

சூப்பர்வைசர் செவ்வாப்பேட்டையில் தெரிந்த இன்னொரு ஆப்பரேட்டருக்குப் போன் போட்டார். பாம்பு என்றதும் அந்தப் பக்கம் கட் ஆனது. காலடியில் கிடந்த மண்கட்டியை எட்டி உதைத்தார்.

"சரி, போங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

கோபால் ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தான். சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. கொஞ்ச தூரத்தில் வசந்தகுமார் வந்து சேர்ந்துகொண்டான். இரண்டு பேரும் மேட்டைத் தாண்டினார்கள்.

வசந்தகுமார் பின்னால் திரும்பிப் பார்த்தான். ஆள் யாரும் இல்லை. பாம்புப் பையைக் கோபாலின் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு வேற பாம்பு கொண்டாண்ணா. இது பழகிப் போச்சு, கத்துறதுக்குப் பயமே வர மாட்டேங்குது."