லேப்டாப்பில் வராத பந்தயம்

டிவி பழுதாகி சர்வீசுக்குப் போன மறுநாள், வீடியோ கேம் பெட்டியும் லேப்டாப்பும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. வீட்டுக்காரி அருள்மொழி இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிளைச் செருகினாள். "இதுல படம் வரலைன்னா இந்தப் பெட்டி பரணுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

பெட்டி பதறிவிட்டது. "அண்ணே, நான் ஒரு கார் பந்தயம் அனுப்புறேன். உங்க திரையில கொஞ்சம் காட்டிடுங்க."

"தாராளமா அனுப்பு தம்பி. அதுக்கு முன்னாடி இதைப் பாரு" என்ற லேப்டாப், தன் முகப்பில் இருந்த மலைப் படத்தை எடுத்துக் கேபிளுக்குள் தள்ளியது.

"பந்தயம் வந்துதா அண்ணே?"

"மலை வந்துதா தம்பி?"

நடுவில் கிடந்த கேபிள் மெதுவாகச் சொன்னது: "ரெண்டு பேருமே அனுப்பிக்கிட்டிருக்கீங்க. வாங்கிக்கத்தான் இங்க ஆள் இல்ல."

"கேபிள் சரியில்ல" என்றன இரண்டும் ஒரே குரலில்.

அன்று மாலையே பெட்டி பரணேறியது.

டிவி திரும்பி வந்ததும் அருள்மொழி பெட்டியைக் கீழே இறக்கி, அதே கேபிளில் மாட்டினாள். டிவியில் பந்தயம் பளிச்சென்று ஓடியது. அடுத்து லேப்டாப்பை மாட்டினாள். மலை பளிச்சென்று நின்றது.

"டிவி எப்படிண்ணே?" என்று கேட்டது பெட்டி.

"நல்ல பையன்தான்" என்றது லேப்டாப். "சொந்தமாச் சொல்லத்தான் ஒண்ணும் இல்ல, பாவம்."