தகரக்கூரை மழை

சிலிபின் புறநகரில் நடுப்பகல் வெயில் கண்ணைப் பறிக்கிறது. “விடிஞ்சிருச்சு, பால்மரம் வெட்டப் போவணும்,” என்று ரோசரியின் புருஷன் ஆம்புரோஸ் கட்டிலைவிட்டு இறங்குகிறார். ரப்பர் எஸ்டேட்டை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது. ஈரல் கெட்டுப்போனதால் மூளையும் கலங்குகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறித்தால் முறைக்கிறார். மல்லுக்கட்ட ரோசரிக்குத் தெம்பில்லை. கொல்லைப்பக்கம் போய், ரப்பர் குழாயைத் தூக்கித் தகரக்கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறாள். கூரை சடசடக்கிறது. மரம் நனைந்தால் பால்வெட்டு கிடையாது. “மழ வந்திருச்சு, இன்னைக்கு வேல இல்ல லா,” என்று உள்ளே அவர் நிம்மதியாகப் படுக்கிற சத்தம் கேட்கிறது. கொஞ்சம் கழித்து, “எதுக்கு நனையிற ரோசரி, நீயும் வந்து படு.” வெயில் அவள் உச்சியில் இறங்குகிறது. குழாயை மூடினால் எழுந்துவிடுவார். அவள் கையை மாற்றிப் பிடித்துக்கொள்கிறாள்.