வீடு சுமப்பவர்கள்

யாரும் வாடகை கேட்காத மலைக்காட்டுக்குள், கோடையைக் கழிக்க ஒரு பெரிய கேரவன் வந்தது. அதன் சக்கரம் ஒரு நத்தைக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றது.

போன உயிர் திரும்பியதும் நத்தை கொம்பை நீட்டி அண்ணாந்து பார்த்தது. வீட்டைச் சுமந்து திரிகிற இனத்தில் இப்படியும் ஒருத்தரா?

"அண்ணே, உள்ளே என்னதான் வச்சிருக்கீங்க?"

"நாலு கட்டில், அடுப்பு, குளிக்க வெந்நீர். எங்க ஆளுங்க வெளியே கால் வைக்கவே வேண்டாம்."

"அப்போ எல்லாரும் உள்ளே சுகமா இருப்பாங்க."

கேரவன் ஓடைப் பக்கம் பார்த்தது. அதன் ஆட்கள் நாலு பேரும் ஓடையில் காலை விட்டுக்கொண்டு, டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்ததிலிருந்து ஒருத்தரும் உள்ளே வரலை தம்பி. அங்கே அப்படி என்ன இருக்கு?"

"தெரியாதே அண்ணே. வெயில் பட்டா நான் ஓட்டுக்குள்ளே போயிடுவேன்."

சொல்லிவிட்டு நத்தை மலைப் பக்கம் திரும்பியது. மேகம் விலகி, சாயங்கால வெயில் ஒவ்வொரு மரமாக விளக்கேற்றியபடி மலையிலிருந்து இறங்கி வந்தது. ஓடை பொன்னாகியது. கடைசியில் அந்த வெயில் நத்தையின் ஓட்டையும் தொட்டது.

நத்தை உள்ளே போகவில்லை. கொம்பை இன்னும் கொஞ்சம் நீட்டியது.