சுகிர்தாவின் உயரம்

எட்டாம் வகுப்பில் சுகிர்தாதான் பள்ளியிலேயே உயரமான பெண். மாவட்ட வாலிபால் போட்டி முடிந்ததும் கல்லூரிப் பயிற்சியாளர் எமிலி மிஸ் அவளைத் தேடி வந்தார். "ப்ளஸ் டூ முடிச்சதும் எங்க காலேஜுக்கு வந்துடு. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் என் பொறுப்பு. வர்றியா?" வாய் நிறைய மிட்டாயோடு அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் வளரவே இல்லை. கம்பியில் தொங்கிப் பார்த்தாள், முட்டையாகத் தின்று பார்த்தாள். கூட ஆடியவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டி வளர்ந்தார்கள். வலைக்கு முன்னால் நின்றவளைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கே தரையில் விழுந்து விழுந்து பந்தெடுத்தாள். எமிலி மிஸ் கிறிஸ்துமஸ்தோறும் போன் செய்வார். "எப்படிம்மா இருக்கே?" "நல்லா வளர்ந்துட்டேன் மிஸ்" என்பாள்.

அட்மிஷனுக்கு அப்பாவோடு வந்தவள், மைதானத்தில் மிஸ்ஸைக் கண்டதும் அழுதேவிட்டாள். "பொய் சொல்லிட்டேன் மிஸ். வேற யாரையாவது எடுத்துக்குங்க."

மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கையில் இருந்த காய்ப்பைத் தடவினார். "வர்றியான்னுதானே கேட்டேன்? வளருவியான்னு கேட்கலையே."

சொல்லிவிட்டு, கையிலிருந்த பந்தை எட்டாத தூரத்துக்கு ஓங்கி அடித்தார். சுகிர்தா யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் செம்மண்ணில் நெடுகப் பாய்ந்தாள். தரையைத் தொடும் முன் பந்து அவள் கையில் பட்டு வானத்துக்கு எழும்பியது.

"புதுச் சுடிதாருங்க" என்றார் அப்பா, மிஸ்ஸிடம், மெதுவாக.