லிஸ்ட்டில் நாலாவது வரி

மூன்றாவது சனிக்கிழமையாக மஞ்சு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் இசக்கியப்பனுக்கு எரிச்சல்தான் வந்தது.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில், ரூம் சாவி கொடுக்கிற மேஜையில் வேலை பார்க்கிறவள். வயது முப்பது இருக்கும். முதன்முதலாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர், அதுவும் ஃபோர் கே திரையில் விளையாடுகிற மாதிரி, பார்ட் பார்ட்டாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துப் பூட்ட வேண்டுமாம். யாருக்கு என்று கேட்டதற்கு, "எனக்குத்தான் அண்ணாச்சி" என்றாள், கூச்சமே இல்லாமல்.

ஏதாவது வாங்கினாளா என்றால், இல்லை. கேள்விதான்.

ஃபோர் கே என்றால் திரையில் மொத்தம் எத்தனை புள்ளி? ஏறக்குறைய எண்பத்து மூன்று லட்சம் என்றால், அத்தனையையும் நொடிக்கு அறுபது தடவை வரைந்து தள்ளுவது யார், புராசசரா, கிராஃபிக்ஸ் கார்டா? கார்டுதான் என்றால், புராசசரில் கொஞ்சம் இறங்கிவந்து கார்டில் ஏறிக்கொள்ளலாமா? சாரல் நேரத்தில் சுவரே வேர்க்கிற ஊரில், முன்பக்கம் வலை வைத்த கேபினட் தாங்குமா?

எல்லாம் நல்ல கேள்வி. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது. தென்காசியில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பூட்டுகிறார். பில் போடவும் கேமரா பார்க்கவும் பூட்டியதுதான் அதிகம். இப்படி ஒன்றை அவர் கை இதுவரை தொட்டதில்லை. தொட ஆசைதான்.

அவளோ அட்டைப்பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன் பேச அவள் வெளியே நகர்ந்ததும், பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜாஹிரா பீவி தலையை நீட்டினாள்.

"என்ன அண்ணாச்சி, ட்யூசன் ஆரம்பிச்சிட்டியளா? படிப்பு இங்கன, பரீட்சை ஆன்லைன்லயாக்கும்."

சுருக்கென்று தைத்தது. இதற்கு முன்னால் ரெண்டு பேர் அப்படித்தான். அரைநாள் உட்கார்ந்து கேட்டு, லிஸ்ட் எழுதி வாங்கிக்கொண்டு போய், ஆன்லைனில் வரவழைத்துவிட்டு, பூட்டுவதற்கு மட்டும் இவரிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மஞ்சு திரும்பி வந்து, சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள்.

எழுதினார். கடைப் பெயர் போட்ட தாளில், பதறாத கையெழுத்தில். கார்டு, திரை, புராசசர் வரைக்கும் நேர்மையாகவே எழுதினார். நாலாவது வரி, எல்லாப் பார்ட்டும் உட்காருகிற மதர்போர்டு. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு, அந்தப் புராசசர் உட்காரவே உட்காராத ஒரு போர்டின் பெயரை எழுதி முடித்தார்.

ஆன்லைனில் வாங்கட்டும். பூட்ட முடியாமல் இங்கேதானே வருவாள். அப்போது சொல்ல வேண்டியதைக்கூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: வாங்கின எடத்துலயே கேட்டுக்கோம்மா.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. 'நான் அப்பவே சொல்லல?' என்பது மாதிரி ஜாஹிரா பீவி பார்த்தாள். அவர் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று ரெண்டு தடவை எடுத்தார். ரெண்டு தடவையும் வைத்துவிட்டார்.

தாள் எழுதிக் கொடுத்த பதினோராம் நாள் மஞ்சு வந்தாள். கையில் பெட்டி எதுவும் இல்லை. அந்தத் தாள் மட்டும்தான்.

"இதுல உள்ள எல்லாத்தையும் எடுத்துருங்க அண்ணாச்சி. நீங்களே பூட்டணும். பூட்டும்போது நான் பக்கத்துல நின்னு பாப்பேன், சரியா?"

ஆன்லைனில் பார்க்கவில்லையா என்று இழுத்தார்.

"அங்கன கேள்வி கேட்டா யாரு உக்காந்து பதில் சொல்லுதா?"

தாளை வாங்கிப் பார்த்தார். நாலாவது வரி பென்சிலால் மெல்ல அடிக்கப்பட்டு, அதற்கு மேலே சரியான போர்டின் பெயர் இருந்தது.

"இது... யாரும்மா திருத்துனது?"

"நான்தான். வீட்டுல போயிப் படிச்சா, அந்தப் போர்டு இதுக்குச் சேராதுன்னு இருந்துச்சு. அன்னைக்கு நான் கேட்ட கேள்வில உங்களுக்குத் தலை சுத்தி, கை தவறிட்டு போல."

ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற கடையில காட்டுனா எது சேரும்னு அஞ்சு நிமிசத்துல சொல்லியிருப்பாவ. ஆனா தாள்ல உங்க கடைப் பேரு இருக்குல்லா. நாலு பேரு உங்களப் பாத்து சிரிச்சிரக் கூடாதேன்னு நானே தேடிப் படிச்சேன். அதான் அண்ணாச்சி, வாரதுக்கு இத்தன நாளாயிட்டு."